நடுவயதில் ஆசிரியப் பணி: எது பலன்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருவாய்மொழி மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில், ஆழ்வாரும் அவருடைய கரணங்களும் எம்பெருமானை அநுபவிக்கப் பெறாமல் தனித்தனியே விடாய்த்துக் கூப்பிட்டார்கள். அவ்விடாய்க்குத் துணையாவார் உண்டோ என்று ஸம்ஸாரிகளை நோக்கினால், அவர்கள் செல்வரைப் பாடிப் பொருள் பெறுவதில் மண்டிக் கிடக்கிறார்கள். அவர்களைத் திருத்தப் புகுந்தது ஒன்பதாம் திருவாய்மொழி. தாம் சொல்லப்போவது கேட்பவர்க்குக் கசக்கும் என்பதை முதற்பாசுரத்திலேயே ஒப்புக்கொண்டு, ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன் என்று தொடங்குகிறார் ஆழ்வார்.

இப்பதிகத்தின் ஆறாம் பாசுரத்தில் சற்றே நின்று பார்க்கவேண்டும். செல்வரைப் பாடாவிட்டால் நாங்கள் ஜீவிப்பது எப்படி என்று கவிகள் கேட்பார்களே! அதற்கு ஆழ்வார் தரும் விடை, உடம்பை நோவச்செய்து கையால் உழைத்துப் பிழையுங்கள் என்பது. நீங்கள் நம்பியிருக்கும் செல்வர் இவ்வுலகில் ஒருவரும் இல்லை, நாம் ஆராய்ந்து பார்த்தாயிற்று என்றும் சேர்த்துச் சொல்கிறார். எம்பெருமானைப் பாடுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், வயிற்றுப்பாட்டுக்கு வேறொரு தொழிலைப் பாருங்கள் என்று சொல்லும் அளவுக்கு ஆழ்வார் இறங்கி வருகிறார். அதுவரை சொல்லால் பிழைத்தவனுக்குத் தொழில் மாற்றம் உபதேசிக்கப்படுகிறது.

நம் கோஷ்டிகளில் இக்காலத்தில் அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கு இப்பாசுரத்தை வாசலாகக் கொள்ளலாம் என்று அடியேனுக்குத் தோன்றியது. சென்னையிலும் பெங்களூரிலும், ந்யூஜெர்ஸியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அடியார்கள் பலர் கணினித் துறையிலோ வங்கியிலோ இருபது ஆண்டு உழைத்தவர்கள். நாற்பத்தைந்தை நெருங்கும்போது அவர்களில் சிலருக்கு, இதை விட்டு உயர்நிலைப் பள்ளியில் கணிதமோ அறிவியலோ கற்பிக்கப் போகலாமே என்று தோன்றுகிறது. தோன்றியபின் ஒரு கலக்கமும் வருகிறது. இது எம்பெருமான் திருவுள்ளமா, அல்லது என் ஸ்வாதந்த்ர்யம் புதிய வேஷம் போட்டுக்கொண்டு வருகிறதா? பாரதந்த்ர்யமே வடிவான ஆத்மாவுக்கு, இருக்கும் நிலையை விட்டு வேறொன்றை நாடுவது சேருமா?

ஆசிரியப் பணி உத்தமமானது, உடனே போ என்று ஒருவர் சொல்வார். இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் கேள்வியைக் கேளாமலே சொன்ன விடைகள்.

கீதையைக் காட்டித் தடுப்பவர்களும் உண்டு. குறையுடையதாயினும் தன் தர்மமே சிறந்தது என்று கண்ணன் மூன்றாம் அத்யாயத்தில் அருளிச்செய்திருக்க, தொழிலை விடலாமா என்பார்கள். பாஷ்யகாரர் அந்த ச்லோகத்துக்கு அருளிச்செய்த பொருளைப் பார்த்தால் இந்தத் தடை நிற்காது. உடம்போடு கூடியவனுக்குப் பழகிய, எளிதில் செய்யக்கூடிய கர்மயோகமே அவனுக்கு ஸ்வதர்மம். ஞானயோகம் அவனுக்குப் பரதர்மம் என்றே அவர் பிரித்தருளினார். ஒரு நிறுவனத்தின் மென்பொருளை விட்டு ஒரு பள்ளியின் கரும்பலகைக்குப் போவதை அந்த ச்லோகத்தில் தேடுவது வீண். அதுபோல, ஆழ்வாருடைய பதிகத்தைக் காட்டி, சம்பளத்துக்கு உழைப்பவன் எல்லாம் மானிடம் பாடுகிறான் என்று இகழ்வதும் தவறு. உழைத்துப் பிழைப்பதை அப்பதிகம் உயர்த்தியே பேசுகிறது. ஆகவே எந்தத் தொழில் உயர்ந்தது என்று வரிசைப்படுத்தி இக்கேள்வியைத் தீர்க்க முடியாது.

உலகம் இதைத் தியாகக் கணக்காகவே பார்க்கிறது. லண்டனில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில் நெடுங்காலம் பத்தி எழுதிப் புகழ்பெற்ற லூசி கெல்லவே என்னும் அம்மையார், 2016-இல், தம் ஐம்பதுகளின் பிற்பகுதியில், அப்பணியை விட்டுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கப் போவதாக அறிவித்தார். தம்மைப்போல் நடுவயதில் வர விரும்புவோர்க்காக நவ் டீச் என்ற அமைப்பையும் வேறொருவரோடு சேர்ந்து தொடங்கினார். அப்போது ஊர் பேசியதெல்லாம் எவ்வளவு பெரிய பதவியை விட்டார் என்பதைத்தான். நம் ஊரிலும் அப்படியே. மாதம் இவ்வளவு வாங்கியவர் இப்போது இவ்வளவுக்கு வந்திருக்கிறார் என்ற இரண்டு எண்களைச் சொல்லிவிட்டால் மஹிமை நிரூபணமாகிவிடுகிறது.

விட்டதை எண்ணுவது நம் ஸம்ப்ரதாயத்தில் பெருமைக்குரியதன்று. கூரத்தாழ்வான் தம் பெருஞ்செல்வத்தைத் துறந்து தேவிகளோடு திருவரங்கத்துக்கு எழுந்தருளும்போது, காட்டுவழியில் ஆண்டாள் அஞ்சினார். மடியில் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் கேட்க, அவர் நீரமுது செய்ய எடுத்துவந்த பொன்வட்டில் இருந்தது. அதையும் வாங்கி எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை, வா என்றார். ஆழ்வான் அதன்பின் தாம் விட்ட செல்வத்தைப் பற்றி நினைத்ததாகவும் செய்தியில்லை. ஆனால் இவ்வைதிஹ்யத்தைச் சொல்லிக்கொண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் வீட்டுக் கடனின் தவணையையும் காட்டில் எறியப் புறப்படுபவர்கள் ஒன்றை மறக்கலாகாது. எறிந்த வட்டில் ஆழ்வானுக்காகவே எடுத்துவந்தது. மற்றொருவர் உணவை அவர் எறியவில்லை. உடனிருப்பவர்களின் ஜீவனத்தைக் குறைத்து ஒருவன் செய்யும் தியாகத்தில், தியாகம் செய்தவர் யார் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். இல்லத்தார் மனமிசைந்து, சுருங்கிய வரவில் வாழ முடியும் என்று கணக்குப் பார்த்துத் தெளிந்தபின் இறங்குவது ஸ்வரூபத்துக்குக் குறையாகாது.

தியாகத்தில் இல்லையென்றால், பின்னை எங்கே இருக்கிறது இதன் நன்மையும் தீமையும்? பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் ஆசார்ய லக்ஷணம் சொல்லும் பகுதியில் இதற்கு விடையிருக்கிறது. உபதேசிப்பவன் மூன்று விஷயங்களில் நினைவு புரண்டிருப்பதை அவர் மிகக் கொடிய விலக்காகச் சொல்கிறார். தன்னைப் பற்றியும், சிஷ்யனைப் பற்றியும், பலத்தைப் பற்றியும் உண்டாகும் புரட்சி அது. பள்ளி ஆசிரியர் ஆசார்யர் அல்லர். இயற்கணிதம் திருமந்திரமும் அன்று. அந்த வேறுபாட்டை மறந்தால் அபசாரத்தில் முடியும். ஆயினும் கற்பிக்கும் நெஞ்சு எங்கெல்லாம் வழுக்கும் என்று கண்டு வைத்தவர்களில் பிள்ளைலோகாசார்யருக்கு நிகரானவர் அரியர். அந்த வழுக்கல்கள் வகுப்பறையிலும் உண்டு.

முதல் புரட்சி, தன்னையே ஆசார்யன் என்று நினைப்பது. உபதேசிக்கிறவன் தன் ஆசார்யனே கற்பிக்கிறான், தான் அவன் கையில் கருவி என்றிருக்கவேண்டும். நடுவயதில் வருகிறவனுக்கு இந்த வழுக்கல் சற்று அதிகம். இருபதாண்டு வெளியுலகம் கண்டவன் என்ற நினைவோடு வருகிறான். பக்கத்து அறையில் முப்பது ஆண்டாக அதே பாடத்தை நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ள நா எழுவதில்லை. இரண்டாவது, சிஷ்யனைத் தனக்குச் சிஷ்யன் என்று நினைப்பது. அவனும் தன் ஆசார்யனுக்கே சிஷ்யன், தன்னோடு ஒக்கக் கற்பவன் என்றிருக்கவேண்டும். இவ்விரண்டும் அரியவையே, ஆனாலும் கேட்டவுடன் நெஞ்சு இசைந்துவிடுகிறது.

மூன்றாவது அப்படியன்று. பலம் அல்லாதவற்றைப் பலம் என்று நினைப்பதற்கு அவர் நான்கைக் காட்டுகிறார். இவ்வுலகப் பயன் ஒன்று. சிஷ்யனுடைய உஜ்ஜீவனம் ஒன்று. பகவத் கைங்கர்யம் ஒன்று. சிஷ்யனோடு கூடி வாழ்வது ஒன்று. முதலாவதை விலக்கியது புரிகிறது. பொருளுக்காகவும் புகழுக்காகவும் உபதேசிக்கலாகாது. மற்ற மூன்றுமோ நாம் நல்லவை என்று கருதி மார்பில் அணிந்துகொள்பவை! இளம்பிள்ளைகளோடு இருந்தால் மனம் வாடாது என்று ஒருவர் வருகிறார், அது ஸஹவாஸம். இதையே என் கைங்கர்யமாகக் கொள்கிறேன் என்று ஒருவர் வருகிறார். அதுவும் பட்டியலில் இருக்கிறது. நாலு பிள்ளைகளையாவது முன்னுக்குக் கொண்டுவந்தால்தான் என் வாழ்வுக்கு ஒரு பொருள் என்று பெரும்பாலானவர் வருகிறார்கள். அதையும் விலக்குகிறார் பிள்ளைலோகாசார்யர்.

இந்த இடத்தில் எவருக்கும் ஆக்ஷேபம் எழும். மாணவன் தேறவேண்டும் என்ற நினைவில்லாதவன் எதற்காகப் பாடம் நடத்துவான்? அந்த நினைவையும் எடுத்துவிட்டால் அவன் சம்பளத்துக்கு மணி பார்க்கும் ஆசிரியனாகத்தானே ஆவான்?

அந்நான்கும் வேண்டாதவை என்று அவர் சொல்லவில்லை. நினையாதிருக்கும்போதே அவை நான்கும் வந்து சேரும் என்றும், எது யாருடைய நினைவால் வரும் என்றும் அடுத்தே காட்டுகிறார். இவனுக்கு வேண்டிய ஜீவனம் சிஷ்யனுடைய நினைவால் வரும். சிஷ்யனுடைய உஜ்ஜீவனம் ஈச்வரனுடைய நினைவால் வரும். கைங்கர்யம் இவனுடைய ஆசார்யனின் நினைவால் ஸித்திக்கும். கூட வாழ்தல் சிஷ்யனுடைய உபகார ஸ்ம்ருதியால் வரும். மாணவனின் நன்மையை ஆசைப்படுவது வேறு, அதை என் செயலின் விளைவாக, என் கணக்கில் வரவாக எழுதிக்கொள்வது வேறு. பின்னதே விலக்கு. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே சொல்லில் இருப்பதால் பிரித்தறிவது கடினம். ஆயினும் ஒரு சோதனை உண்டு. மூன்று வாரமாக நாம் சொல்லியும் புரியாத ஒன்றை மாணவன் தன் அண்ணனிடமோ வேறொரு ஆசிரியரிடமோ ஒரு மாலையில் புரிந்துகொண்டு வந்து, மகிழ்ச்சியோடு நம்மிடம் சொல்கிறான். அந்நொடியில் நெஞ்சில் ஒரு முள் தைத்தால், நாம் விரும்பியது அவன் அறிவையன்று.

முள்ளோடு நின்றால் கேடில்லை. மாணவனின் உயர்வைத் தன் பலமாகக் கொண்டவனுக்கு, அது வாராதபோது இரண்டில் ஒன்று நேரும். இவனுக்கு வராது என்று மாணவனைக் கைவிடுவான், அல்லது சினங்கொள்வான். ஆஸ்திரிய நாட்டுத் தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் பெருஞ்செல்வக் குடியில் பிறந்தவர். முதல் உலகப்போர் முடிந்து வந்து, 1919-இல் தம் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தாருக்குக் கொடுத்துவிட்டு, ஆசிரியப் பயிற்சி பெற்று, 1920 முதல் மலைக்கிராமப் பள்ளிகளில் சிறுவர்க்குக் கற்பித்தார். தியாகத்தில் குறை சொல்ல இடமில்லை. உழைப்பிலும் இல்லை, கிராமப் பிள்ளைகளுக்காகச் சொல் அகராதி ஒன்றையே தொகுத்து அச்சிட்டார். ஆனால் கணக்கு வராத பிள்ளைகளை அடித்தார். 1926-இல் அவர் அடித்ததில் ஒரு சிறுவன் மயங்கி விழ, அவர் பணியை விட்டு நீங்கினார். பத்தாண்டுக்குப்பின் அக்கிராமத்துக்குத் திரும்பிப்போய்த் தாம் அடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் நெஞ்சில் இருந்ததை அளவிட நமக்கு அதிகாரமில்லை. எல்லாவற்றையும் துறந்து வந்த கையும் ஓங்கும் என்பது மட்டும் தெரிகிறது.

அப்படியானால் உண்மையான பலம் எது? எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாட இன்னோர் ஆத்மா உண்டாவதே உபதேசத்தின் நேரான பலம் என்பது பிள்ளைலோகாசார்யர் திருவுள்ளம். இதில் ஆசார்யன் சிஷ்யனை நோக்கி நிற்கவில்லை. இருவரும் ஒரு பக்கம் நின்று எம்பெருமானை நோக்குகிறார்கள். பள்ளிப் பாடத்துக்கு இதன் நிழலையே கொள்ளமுடியும். ஆனாலும் நிழல் உண்டு. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பதை ஒரு பிள்ளை தானே கண்டு வியக்கும்போது, ஆசிரியரும் மாணவரும் ஒரே உண்மையின் முன் நிற்கிறார்கள். அவ்வுண்மையைக் காண இன்னும் இரண்டு கண்கள் திறந்தன, அவ்வளவே. எல்லாம் அவனுக்குச் சரீரம் என்றிருக்கும் நமக்கு அது சிறிய விஷயமும் அன்று.

இந்நிலை நின்றவர் நஞ்சீயர். மேல்நாட்டில் மாதவர் என்னும் பெயரோடு பெருஞ்செல்வமும் பெரும் வித்வத்தும் உடைய வேதாந்தியாக வாழ்ந்து, பட்டர் திருத்த, அனைத்தையும் விட்டு ஸந்யஸித்துத் திருவரங்கத்துக்கு வந்தவர். தாம் இட்ட ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை கொள்ள வரதராஜர் என்ற இளம் சிஷ்யரிடம் கொடுத்தார். காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் அவ்வோலை போயிற்று. வரதராஜர் கேட்டிருந்தபடியே மீண்டும் எழுதினார். சில பாசுரங்களுக்குத் தமக்குத் தோன்றிய சிறந்த பொருளையும் சேர்த்தார். ஜீயர் அதைப் பார்த்தார். தம் நூல் தொலைந்ததும் தெரிந்தது. தாம் எழுதியதைவிடச் சில இடங்கள் நன்றாயிருப்பதும் தெரிந்தது. உகந்து அணைத்து, நம்பிள்ளை என்று பெயரிட்டார். அவருடைய செல்வத் துறவைவிட இந்த உகப்பே அடியேனுக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்ரீவசநபூஷணம் அருளிய பிள்ளைலோகாசார்யரே, தம் இறுதி நாட்களில், தொழில் மாறவேண்டிய ஒருவரைப் பற்றிக் கவலைப்பட்டார். படையெடுப்பினால் நம்பெருமாளோடு திருவரங்கத்தை விட்டு வந்து ஜ்யோதிஷ்குடியில் இருந்தபோது, இளமையில் தம்மிடம் ஆச்ரயித்துப் பின் மதுரையில் பாண்டிய ராஜ்ய நிர்வாகத்தில் அமர்ந்துவிட்ட திருமலையாழ்வாரை மீட்டுத் தர்சன நிர்வாஹத்துக்கு ஆக்கும்படி சிஷ்யர்களிடம் சொல்லிவைத்தார். கூரகுலோத்தம தாஸர் மதுரைக்குப் போனார். திருமலையாழ்வார் பல்லக்கில் வரும்போது தாஸர் திருவிருத்தம் அநுஸந்தித்துக்கொண்டிருந்தார். இவர் பொருள் கேட்க, தாஸர் உமிழ்ந்தார். சேவகர்கள் பொங்க, இவர் தடுத்தார். பின்பு தாஸரிடமே பொருள் கேட்கத் தொடங்கினார். அரசு வேலைகளுக்கு நடுவில் கிடைத்த காலைப்பொழுதில் நாள்தோறும் கேட்டார். ஒருநாள் தாஸர் வரவில்லை. தேடிப்போய்த் திருவடியில் விழுந்தபின்தான், பொறுப்பை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு முழுவதும் வந்தார்.

இதில் கவனிக்கத்தக்கது வந்தவிதம். அவர் கற்பிக்கப் புறப்படவில்லை, கற்கப் புறப்பட்டார். அதுவும் வேலையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. ராஜ்யம் நடத்தியவர் தாஸரிடமும், பின்பு திருவனந்தபுரத்தில் விளாஞ்சோலைப்பிள்ளையிடமும், திருக்கண்ணங்குடிப்பிள்ளையிடமும் மாணவராய் அமர்ந்தார். திருப்புட்குழி ஜீயரிடம் கேட்கப் போனபோது அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியிருந்தார். நாலூராச்சான்பிள்ளையிடம் ஈடு கேட்டார். நம் நாட்டில் 2015-இல் பி.எட். படிப்பு இரண்டாண்டாயிற்று, அதில் மாதக்கணக்கில் பள்ளியில் பயிற்சி உண்டு. நாற்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வயதினரோடு அமர்ந்து பாடக்குறிப்பு எழுதுவதும், வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர் நடத்துவதைக் குறிப்பெடுப்பதும் தமக்கு வேண்டாத சடங்கு என்று சலிப்பவர்களைப் பார்க்கிறோம். அச்சலிப்பு வந்தால், முதல் புரட்சி அப்போதே உள்ளே நுழைந்தாயிற்று.

ஆகவே கேட்கும் அடியாருக்கு அடியேன் சொல்லக்கூடியது மிகச் சிறியது. ராஜிநாமாக் கடிதத்துக்கு முன் ஓராண்டு, விடுமுறை நாட்களில் அருகிலுள்ள பள்ளியில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை விட்டு, மூன்று முறை சொல்லியும் பின்னம் புரியாத நாலு பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். நாற்பது விடைத்தாள்களில் அதே தவற்றை நாற்பதாம் முறை திருத்தும்போது கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். யாரும் நன்றி சொல்லாத மாதம் ஒன்று வரும். அம்மாதமும் போவதற்குக் கால் எழுந்தால் போகலாம். எழாவிட்டாலும் இழுக்கில்லை. இருக்கும் தொழிலில் இருந்துகொண்டே ஜீவனம் செய்து, மாலையில் அருளிச்செயல் ஸந்தை சொல்லிக்கொடுப்பவர்கள் நம் கோஷ்டியில் எத்தனை பேர்!

திருமலையாழ்வார் காடுமண்டிக் கிடந்த ஆழ்வார் திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளப்பண்ணினார். திருவாய்மொழிப்பிள்ளை என்ற திருநாமம் பெற்றார். அங்கே அவர் திருவடியில் வந்து சேர்ந்த இளைஞரே நம் மணவாளமாமுனிகள். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டு, அருளிச்செயலிலும் அதன் வ்யாக்யானங்களிலுமே பொழுதைப் போக்கும்படி அவருக்கு நியமித்துவிட்டுத் திருநாட்டுக்கு எழுந்தருளினார் பிள்ளை. திருவரங்கத்தில் நம்பெருமாள் தம் உத்ஸவங்களையும் நிறுத்தி மாமுனிகளிடம் ஓராண்டு ஈடு கேட்டருளியது அதற்கு வெகுகாலம் பின்பு. பிள்ளை அதைக் கண்ணால் காணவில்லை.

அடியேன் ராமாநுஜ தாஸன்